பத்து வருஷம் போட்ட கிரீம் இன்று ஏன் அரிக்கிறது?

"புதிதாக எதுவும் போடவில்லையே" என்பது ஒன்று. "பத்து வருஷமாக இதே கிரீம்தான், இதுவரை ஒன்றும் செய்ததில்லை" என்பது இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மருந்துக்கடைக்குப் போய் அரிக்கும் முகத்தைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து "கிரீம் காரணமாக இருக்க முடியாது" என்று முடிவுகட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தோல் ஒவ்வாமையின் இயல்பே தாமதம். இந்தத் தாமதத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் தவறான பொருளின்மேல் பழிபோட்டு, சரியான பொருளைத் தொடர்ந்து பூசிக்கொண்டே இருப்பார்கள்.

1. முதலில் நேரத்தைப் பாருங்கள்

கிரீம் பட்ட இடம் அரிப்பதற்கும் எரிவதற்கும் பொதுவாக மூன்று காரணங்கள். மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருத்துவமும் வேறு. பூசியதற்கும் தொல்லை தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்பதே இவற்றைப் பிரித்துக் காட்டும் முதல் தடயம்.

(அ) சில நிமிடங்களில் வருவது: உடனடி ஒவ்வாமை. கொசு கடித்ததுபோலத் தடிப்புகள் எழும்பும், அரிக்கும், சில மணி நேரத்தில் சுவடில்லாமல் அடங்கிவிடும். கிரீம்களால் இப்படி வருவது குறைவு. ஆனால் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் அளவுக்கு வேகமாக முற்றக்கூடியது இந்த வகைதான்.

(ஆ) உடனேயோ சில மணி நேரத்துக்குள்ளோ வருவது: வெறும் எரிச்சல். இது ஒவ்வாமையே அல்ல. ரெட்டினால், கிளைகோலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு போன்ற வீரியமான பொருள்கள் தோலின் மேல்படலத்தை நேரடியாகப் புண்ணாக்குகின்றன. அரிப்பைவிடக் காந்தலும் எரிவும் முன்னே நிற்கும். பட்ட இடத்தோடு நின்றுவிடும். அளவு கூடினால் யாருக்கும் வரும், குறைத்தால் பலருக்குத் தாங்கும்.

(இ) ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்து வருவது: தொடுகை ஒவ்வாமை. இதில் அரிப்புதான் பிரதானம். சிறு சிறு கொப்புளங்கள், நீர்க்கசிவு, பிறகு செதில் உரிதல். பூசிய இடத்தின் எல்லையைத் தாண்டியும் பரவும். அளவைக் குறைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தராது. பொருளை நிறுத்திய பிறகும் முழுதாக ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

குழப்பம் எல்லாம் மூன்றாவது வகையில்தான். வெள்ளிக்கிழமை இரவு ஒரு விசேஷத்துக்காகப் பூசியது ஞாயிற்றுக்கிழமை அரிக்கத் தொடங்கும். அன்று மத்தியானம் சாப்பிட்ட நண்டுக் கறிமேல் பழி விழும். வீட்டில் நண்டு நின்றுபோகும், கிரீம் நிற்காது.

2. பழகிய பொருள் எப்படிப் பகையாகிறது

தொடுகை ஒவ்வாமையை உண்டாக்கும் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அதனால்தான் தோலின் மேலடுக்கைத் துளைத்து உள்ளே போக முடிகிறது. உள்ளே போனவை தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொண்ட டி செல்கள் பெருகி, உடல் முழுதும் சுற்றத் தொடங்குகின்றன. இந்தத் தயாரிப்புக்குக் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் ஆகும். பல வருஷமும் ஆகலாம். இந்தக் காலம் முழுதும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

ஒருமுறை அடையாளம் பதிந்துவிட்டால், அடுத்த முறை அதே பொருள் தோலில் பட்டதும் டி செல்கள் அங்கே வந்து கூடி அழற்சியை உண்டாக்க ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்கின்றன. தாமதத்துக்குக் காரணம் இதுதான். பதிந்த அடையாளம் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அழியாது. ஆகவே பத்து வருஷம் ஒன்றும் செய்யாத கிரீம் என்பதை ஒரு நற்சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பத்து வருஷமும் உடல் அந்தப் பொருளைச் சந்தித்துக்கொண்டிருந்தது.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேரும். பெட்டி மாறாமலே உள்ளே உள்ள பொருள்களைக் கம்பெனிகள் மாற்றுவதுண்டு. அடுத்தது, வாசனைப் பொருள்களான லிமோனீன், லினலூல் இரண்டும் காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேரச் சேரத்தான் ஒவ்வாமையைத் தூண்டும் தன்மையைப் பெறுகின்றன. மூடி சரியாக மூடாமல் குளியலறை அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டில், வாங்கிய அன்று இருந்த பாட்டில் அல்ல.

3. நம் தோலில் சிவப்பு தெரிவதில்லை

மருத்துவப் புத்தகங்களும் இணையப் படங்களும் 'சிவந்து தடித்த தோல்' என்றே காட்டுகின்றன. அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்கள். நம் நிறத்தில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் படர்ந்த பழுப்பாகவோ தெரியும். சிலருக்குத் தொட்டால்தான் தெரியும்: சூடு, சொரசொரப்பு, தோல் கெட்டிப்பட்டிருப்பது. சிவக்கவில்லை, அதனால் அலர்ஜி இல்லை என்று நினைத்து இன்னும் ஒரு வாரம் பூசியவர்களுக்குத்தான் பாதிப்பு ஆழமாகிறது.

அழற்சி ஆறிய பிறகு கருந்தழும்பு மிஞ்சுவதும் நம் தோலில் அதிகம். அரிப்பு இரண்டு வாரத்தில் போனாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நெற்றியிலும் கன்னத்திலும் அரிப்பே இல்லாமல் சாம்பல் கருமை மட்டும் மெல்லப் படரும் ஒரு வகையும் உண்டு. வாசனைப் பொருள்களும் செயற்கைச் சாயம் கலந்த குங்குமமும் இதற்குக் காரணமாகலாம். பொட்டு வைக்கும் இடத்தில் வட்டமாகத் தோல் கருப்பதும், ஒட்டுப்பொட்டின் பசையால் அந்த இடம் வெள்ளையாவதும் நம் பெண்களிடையே காண்பவை. இவற்றை வயசின் அடையாளம் என்று தள்ளிவிடுகிறார்கள்.

4. வந்த இடமும் பேசும்

கண்ணிமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது. நகப்பூச்சு, தலைச்சாயம், ஷாம்பு எதற்கு ஒவ்வாமை வந்தாலும் கையையும் தலையையும் விட்டுவிட்டு இமை வீங்கும். முன்நெற்றி, காதோரம், கழுத்துப் பக்கம் என்று வழிந்தோடிய தடத்தில் வந்தால் ஷாம்புவைச் சந்தேகிக்கலாம். வெயில் படும் இடத்தில் மட்டும் வந்தால் சன்ஸ்கிரீனையோ, மூட்டு வலிக்குத் தேய்க்கும் கீட்டோபுரோஃபென் ஜெல்லையோ பார்க்க வேண்டும். அந்த ஜெல் நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் வெயில் பட்டால் புண்ணாக்கும். சில சமயம் காரணமான பொருள் நோயாளியுடையதே அல்ல. கணவர் போடும் சென்ட் மனைவியின் கன்னத்தில் தடிப்பாக வரும்.

5. டப்பாவின் பின்பக்கத்தில் எதைத் தேடுவது

முன்பக்கம் எழுதியிருப்பவற்றில் 'ஹைப்போஅலர்ஜெனிக்', 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' இரண்டையும் நம்பி வாங்க வேண்டாம். அவற்றுக்கு உறுதியான அளவுகோல் கிடையாது. 'அன்சென்டட்' என்றால் வாசனை தெரியாது என்பது மட்டுமே பொருள். மணத்தை மறைக்கவே இன்னொரு மணப்பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதுதான் தேட வேண்டியது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் உண்மை இருக்கிறது.

(அ) வாசனை. 'பர்ஃபம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் பொருள்கள் அடங்கியிருக்கலாம். கிரீம் ஒவ்வாமையில் மிக அடிக்கடி பிடிபடுவது இதுதான்.

(ஆ) கெடாமல் காக்கும் பொருள்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பெயரை மனதில் வையுங்கள். 2000-களின் நடுவில் இதைத் தனியாக அழகுசாதனங்களில் பரவலாகச் சேர்க்கத் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் ஒவ்வாமை கொள்ளைநோய்போலப் பெருகியது. 2013-இல் அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் இதை அந்த ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் கிரீம்களில் இது கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத் தடை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஈரத் துடைப்புத் தாள்களிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் இதைப் பார்க்கலாம். ஃபார்மால்டிஹைடைச் சிறுகச் சிறுக வெளியிடும் டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. வியப்பாக இருக்கலாம், எல்லாரும் பயப்படும் பாரபென் இந்த வரிசையில் மிகக் குறைவாகவே ஒவ்வாமை தருவது. அதே சங்கம் 2019-இல் அதை 'ஒவ்வாமை அல்லாத பொருள்' என்று எடுத்துக்காட்டியது.

(இ) மருந்து கிரீம்கள். நியோமைசின் கலந்த ஆன்டிபயாட்டிக் கிரீம், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின், அரிப்புக்குப் பூசும் ஆன்டிஹிஸ்டமின் கிரீம் மூன்றுமே ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. புண்ணுக்குப் போட்ட மருந்தாலேயே புண் ஆறாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

(ஈ) பிபிடி எனப்படும் பாரா-ஃபினிலீன்டையமின். தலைச்சாயத்தில் இருப்பது, கறுப்பு மெஹந்தியிலும் கலக்கிறார்கள். நல்ல மருதாணி பல மணி நேரம் எடுத்துச் செம்பழுப்பாகப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கன்னங்கரேலென்று பிடித்தால் அது வெறும் மருதாணி இல்லை. ஒரே ஒருமுறை போட்டதிலும் குழந்தைகளுக்குக் கையில் கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழும்பி, பிறகு வாழ்நாள் முழுதும் தலைச்சாயம் போட முடியாத ஒவ்வாமை நிற்கலாம். கல்யாண வீட்டில் குழந்தைகளின் கையை நீட்டச் சொல்வதற்கு முன் அந்தக் கூம்பில் என்ன இருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

இயற்கைப் பொருள் என்பதால் பயமில்லை என்பதும் சரியல்ல. டீ ட்ரீ எண்ணெய், லாவண்டர் எண்ணெய், தேனீப் பிசின், மஞ்சள், சந்தனம் எல்லாவற்றுக்கும் ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு டர்பன் வெயிலில் இறங்கினால் வருவது ஒவ்வாமைகூட இல்லை. சாற்றில் உள்ள பொருளும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து உண்டாக்கும் தீக்காயம். காவடி எடுப்பவர்கள் அலகு குத்திய இடத்தில் வாசனைத் தூளோ வாசனை கலந்த விபூதியோ படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தோல் திறந்திருக்கும் இடத்தில் எந்தப் பொருளும் எளிதாக உள்ளே போகும்.

6. வெளுக்கும் கிரீம்: தென்னாப்பிரிக்கா ஏற்கெனவே பட்ட பாடு

இந்த நாட்டுக்கு இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உண்டு. ஹைட்ரோகுயினோன் கலந்த வெளுக்கும் கிரீம்களைப் பல ஆண்டுகள் பூசிய பெண்களின் கன்னத்தில் நீலம் கலந்த கருமை படிந்து, மணல் தூவியதுபோல முரடாவதை 1975-இல் பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஃபிண்ட்லே என்ற தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். வெளுக்கப் பூசியது கருக்க வைத்தது. அந்தக் கருமை கிட்டத்தட்ட நிரந்தரம். தோல் மருத்துவர்களும் கறுப்பின விடுதலை இயக்கத்தினரும் சேர்ந்து பல ஆண்டு குரல் கொடுத்த பிறகு, 1990-இல் அழகுசாதனங்களில் ஹைட்ரோகுயினோனுக்குத் தடை வந்தது. தோலை வெளுக்கும் என்று விளம்பரம் செய்வதும் தடுக்கப்பட்டது. இப்படிச் செய்த முதல் நாடுகளில் தென்னாப்பிரிக்கா முன்னே நிற்கிறது.

சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. டர்பனில் ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளிப் பெண்கள் 600 பேரிடம் விசாரித்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளுக்கும் பொருள் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். தெருக்கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் இத்தகைய கிரீம்களில் ஹைட்ரோகுயினோன், பாதரசம், குளோபெடசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஆகியவை இருப்பதை இந்நாட்டு ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020-க்குப் பிறகு தயாரிப்பதோ ஏற்றுமதி இறக்குமதி செய்வதோ கூடாது என்றது; 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் கூடாது என்று அது இறுக்கப்பட்டது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கும்போது அதற்கும் போய்ச் சேரும்.

ஒவ்வாமையோடு இதற்கு உள்ள தொடர்பு ஸ்டீராய்டில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதையே. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். பூசிய மறுநாளே முகம் பளிச்சென்று ஆகும், அரிப்பு நிற்கும். அக்காளோ மதினியோ "இதைப் போடு, ரெண்டே நாளில் சரியாகிவிடும்" என்று கொடுப்பது அன்பினால்தான். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் கோடுகோடாகத் தெரியும், பருக்கள் வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் முன்னிலும் மோசமாக எரியும். எரிவதைப் பார்த்து மறுபடியும் அதையே பூசுவார்கள். இந்தியாவில் இந்தப் பாதிப்பு பெருகியதால் 2018-இல் அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஊரிலிருந்து வருகிறவர்கள் பையில் கொண்டுவரும் சிறு டியூப்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெடசோல், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது முகப்பூச்சு அல்ல, மருந்து. மாதக்கணக்கில் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் முறையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

7. அரிப்பு வந்த அன்று என்ன செய்வது

1) உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், வாந்தி, உடல் முழுக்கத் தடிப்பு: இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. அட்ரினலின் ஊசிதான் இதற்கு மருந்து, மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது.

2) அப்படி எதுவும் இல்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பில்லாமல் கழுவுங்கள். கடைசியாக வாங்கியதை மட்டுமல்ல, முகத்தில் போடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டப்பாக்களைத் தூக்கி எறியாதீர்கள், அவை பிறகு தேவைப்படும்.

3) குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை.

4) வறட்சிக்கு வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். தென்னாப்பிரிக்காவில் எதற்கும் எடுக்கும் அக்வியஸ் கிரீமை இப்போது பூச வேண்டாம். அதில் பொதுவாகச் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. கழுவாமல் தோலில் விட்டால் எரிச்சல் தரலாம் என்று 2013-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

5) மருந்தாளுநரிடம் கேட்டு ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் வாங்கி, மெல்லிதாக நாளுக்கு இருமுறை, சில நாள் மட்டும் பூசலாம். கண்ணைச் சுற்றி மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை தடிப்புக்கு நன்றாகக் கேட்கும், தொடுகை ஒவ்வாமையின் அரிப்புக்கு அவ்வளவாகக் கேட்காது.

6) கண் வீங்கி மூடிக்கொண்டாலோ, கொப்புளம் பெரும்பரப்பில் எழும்பினாலோ, சீழ், காய்ச்சல் இருந்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

7) மிஞ்சும் கருமைக்கு உடனே இன்னொரு கிரீம் தேடாதீர்கள். ஆறும் வரை தொப்பியும் நிழலும். ஆறிய பிறகு துத்தநாக ஆக்சைடு உள்ள, வாசனையில்லாத சன்ஸ்கிரீன்.

8. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது

தோல் முழுதாக ஆறிய பிறகு பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சேர்க்கலாம். முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறு வட்டத்தில் காலையும் மாலையும் பூசி, ஏழு முதல் பத்து நாள் பாருங்கள். மறுநாள் ஒன்றும் இல்லை என்று தேற்றிக்கொள்ள முடியாது. காரணம் முன்பே சொன்ன தாமதம்தான். ஷாம்பு, தலைச்சாயம், சோப்பு போன்றவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது, அவை ஊறினால் எவர் தோலையும் புண்ணாக்கும்.

திரும்பத் திரும்ப வந்தால் தேவைப்படுவது பேட்ச் டெஸ்ட். சந்தேகப் பொருள்களை முதுகில் வரிசையாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அப்போது ஒருமுறையும் மூன்று நான்காம் நாளில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, அதிகம் வியர்க்கவும் கூடாது. ஆகவே டர்பனில் இருப்பவர்கள் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் வைத்துக்கொண்டால் சிரமம் குறையும். இரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் சோதனையும் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையும் உடனடி ஒவ்வாமைக்கானவை. தொடுகை ஒவ்வாமையை அவை காட்டா. அந்த அறிக்கையில் 'ஒன்றுமில்லை' என்று வந்ததை நம்பிப் பழைய கிரீமுக்குத் திரும்புவது, பணத்தைச் செலவழித்து நோயை வாங்குவது.

அரசு மருத்துவ வழியில் போகிறவர்கள் வழக்கமாக உள்ளூர் கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் தடிப்பு அடங்கிவிடும். ஆகவே தடிப்பு இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த நாள் எதைப் பூசினீர்கள், எந்த நாள் அரித்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்: சோப்பு, ஷாம்பு, குங்குமம், தலைக்கு வைக்கும் எண்ணெய், கணவரின் சென்ட் உட்பட.

சோதனை முடிவில் ஒவ்வாத பொருளின் பெயரை எழுதித் தருவார்கள். அதைக் கைபேசியில் போட்டோவாக வைத்துக்கொண்டு, கடையில் டப்பாவின் பின்பக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்க வேண்டும். அதில் மெத்தில்ஐசோதயசோலினோன் இருந்தால் கிரீமோடு விஷயம் முடியாது. தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்டிலும் அது இருக்கலாம். பெயின்ட் காய்ந்த பிறகும் சில வாரம் காற்றில் கலந்துகொண்டிருக்கும், தொடாமலே முகமும் இமையும் வீங்கும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால் அந்தப் பொருள் இல்லாத பெயின்டைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒவ்வாமை உள்ளவர் சில வாரம் வேறு அறையிலோ உறவினர் வீட்டிலோ படுக்கட்டும்.